இணையக் கேலரியில் ரா கோப்புகளைக் கையாளும் முறை

கேமராவின் சென்சார் பதிவு செய்த ஒளி அளவுகளைப் படமாக ஆக்காமல் அப்படியே வைத்திருப்பது ரா கோப்பு. அதைக் குரோமோ ஃபயர்பாக்ஸோ படமாகக் காட்டுவதில்லை. இணைப்பைச் சுட்டினால் பதிவிறக்கம் தொடங்கும், அவ்வளவுதான். இருந்தும் கொங்கு வட்டாரத்தில் இணையக் கேலரி நடத்துகிறவர்களிடம் ரா கோப்புகள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன. திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் பறவைகளைப் படமெடுப்பவர், பனியன் கம்பெனிகளுக்கு ஆடைப் படம் எடுத்துத் தருகிற ஸ்டூடியோக்காரர், கல்யாணச் சீர்களையும் குலதெய்வக் கோயில் பொங்கலையும் பதிவு செய்கிறவர் என்று எல்லோரும் இப்போது ராவில்தான் எடுக்கிறார்கள். “ஏனுங்க தம்பி, ரா ஃபைலையே அப்படியே ஏத்தி விட்டுட்டா மிச்சத்தைக் கேலரியே பார்த்துக்காதுங்களா?” என்று ஈரோட்டு ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார். பார்த்துக்கொள்ளும், ஆனால் எதை எடுத்துக் காட்டும், எதை இழக்கும், மூலக்கோப்பு எங்கே போய் உட்காரும் என்பதையெல்லாம் நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்தால்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் என்று அவரிடம் சொன்னேன். அந்தத் தீர்மானங்களை எப்படி எடுப்பது என்பதே இந்தக் கட்டுரை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரா கோப்பு காப்பகத்துக்கு உரியது. கேலரியின் பார்வைக்கு வருவது அதிலிருந்து பிறந்த ஜேபெக் படம். இரண்டும் தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும், ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைத் தவறாமல் கண்டுபிடிக்க முடிய வேண்டும், ராவின் ஒரு பைட்டைக்கூட கேலரி மென்பொருள் மாற்றக் கூடாது. கீழே வருகிற நடைமுறைகள் எல்லாம் இதை ஒட்டியவைதான்.

ரா கோப்புக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலான கேமராக்களின் சென்சார் மீது சிவப்பு, பச்சை, நீல நிற வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கின்றன. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது அதன் கணக்கு. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஒரு நிறத்தின் அளவுதான் பதிவாகிறது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பிய பிறகே நாம் காணும் படம் உருவாகிறது. ரா கோப்பில் இருப்பது அந்தக் கணிப்புக்கு முந்தைய அளவுகள். 14 பிட்டில் பதிவு செய்யும் கேமராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிநிலைகள் கிடைக்கின்றன; 8 பிட் ஜேபெக்கில் நிறம் ஒன்றுக்கு 256 மட்டுமே. மத்தியான வெயிலில் நிற்கும் கொக்கின் வெள்ளைச் சிறகில் இழை இழையாக விவரத்தை மீட்க முடிவதும், வேப்ப மர நிழலில் நிற்கும் காங்கேயம் காரிக் காளையின் கறுத்த திமிலில் ரோமத்தைக் காட்ட முடிவதும் இந்த வேறுபாட்டால்தான்.

கேலரி நடத்துகிறவருக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லா ரா கோப்புகளுக்குள்ளும் கேமராவே ஆக்கிய ஜேபெக் முன்னோட்டப் படம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கேமராவின் பின்புறத் திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். கேனானின் சிஆர்2, சிஆர்3 கோப்புகளிலும் நிக்கானின் அண்மைக்கால என்இஎஃப் கோப்புகளிலும் அது பெரும்பாலும் முழு அளவிலேயே இருக்கும். சோனியின் பல மாடல்களில் அது 1616க்கு 1080 புள்ளி அளவே. கைபேசிக்குப் போதும், பெரிய திரைக்குப் போதாது. கணினியில் டிஎன்ஜி என்னும் பொது ரா வகைக்கு மாற்றிய கோப்பென்றால், மாற்றும்போது எந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கோப்பு வகைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: சிஆர்2, என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ, டிஎன்ஜி ஆகியவை டிஃப் என்னும் பழைய வகையின் கட்டுமானத்தைத் தழுவியவை, 2018இல் வந்த சிஆர்3 அப்படியல்ல, அது வீடியோக் கோப்புகளின் கட்டுமானத்தைத் தழுவியது. டிஎன்ஜி 2004இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பொது வகை.

முன்னோட்டத்தை உருவுவதா, புதிதாகக் கழுவுவதா

பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஃபிலிமைக் கழுவுவது என்பார்கள். ராவிலிருந்து ஜேபெக் ஆக்குவதையும் எங்கள் வட்டத்தில் கழுவுவது என்றே சொல்கிறோம். கேலரிக்கான ஜேபெக்கைப் பெற மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உள்ளிருக்கும் முன்னோட்டத்தை உருவி எடுப்பது. எக்சிஃப்டூல் என்னும் இலவசக் கருவி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும். எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமராவில் தேர்ந்தெடுத்த ஒயிட் பேலன்ஸ், நிறத்தின் தோரணையைத் தீர்மானிக்கும் பிக்சர் ஸ்டைல் எல்லாம் அதில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். எனவே எடுத்தவர் திரையில் பார்த்த படமும் கேலரியில் வருகிற படமும் ஒன்றாகவே இருக்கும். சர்வருக்கும் சுமை இல்லை. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருவிய ஜேபெக்கோடு, ராவில் கேமரா எழுதிவைத்த எக்சிஃப் என்னும் குறிப்பு விவரங்கள் பெரும்பாலும் வருவதில்லை. அவற்றில் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்னும் குறிப்பும் ஒன்று. கேமராவை நெட்டாகப் பிடித்து எடுத்த படத்தில் அந்தக் குறிப்பின் மதிப்பு 6 அல்லது 8 என்று இருக்கும். அது விடுபட்டால் கொடிவேரி அணைக்கட்டில் நெட்டாக எடுத்த படம் கேலரியில் படுத்துக் கிடக்கும். ஆகவே முன்னோட்டத்தை உருவியதும், ராவிலிருந்து திசைக்குறிப்பையும் எடுத்த தேதியையும் ஜேபெக்குக்கு நகலெடுக்கும் இரண்டாவது கட்டளையையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். எக்சிஃப்டூலிலேயே அதற்கு வசதி உண்டு.

இரண்டாவது வழி, சர்வரிலேயே ராவைக் கழுவுவது. டேவ் காஃபின் 1997இல் தொடங்கிய டிசிரா என்னும் நிரலே இத்துறையில் பல கருவிகளுக்குத் தாய். அதன் கடைசி வெளியீடு 2018இல் வந்தது. சிஆர்3ஐ அது அறியாது. அதன் வழிவந்த லிப்ரா என்னும் நிரல் நூலகம் இப்போது அந்த வேலையைச் செய்கிறது; சிஆர்3 ஆதரவு 2020இல் வெளியான அதன் 0.20ஆம் பதிப்பில் வந்தது. பழைய லினக்ஸ் சர்வரில் அதற்கும் முந்தைய லிப்ரா இருந்தால், புதிய கேனானிலிருந்து வந்த கோப்புகள் வெற்றுக் கட்டங்களாகவே நிற்கும். கேலரி மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன்பு பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய அமைப்புகள் இரண்டு. ஒன்று ஒயிட் பேலன்ஸ்: நாம் கேட்டுக்கொண்டால் ஒழிய டிசிரா கேமராவின் ஒயிட் பேலன்ஸை எடுத்துக்கொள்வதில்லை; பகல் வெளிச்சத்துக்கான பொது மதிப்பையே பயன்படுத்தும். மண்டபத்து மஞ்சள் விளக்கொளியில் எடுத்த கல்யாணப் படங்கள் மஞ்சள் குளித்தாற்போல வருவது இதனால்தான். மற்றொன்று தானியங்கி வெளிச்சக் கூட்டல். இயல்புநிலையில் டிசிராவும் லிப்ராவும் படத்தின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு புள்ளிகள் முழு வெள்ளையாகும் வரை வெளிச்சத்தை உயர்த்துகின்றன. குளக்கரையில் ஒரே கொக்கை அடுத்தடுத்து எடுத்த படங்களை இப்படிக் கழுவிப் பாருங்கள். கொக்கு சட்டகத்தில் சிறிதாக இருக்கும் படத்தில், அந்த நூற்றில் ஒரு பங்கு பெரும்பாலும் கொக்கின் சிறகாகவே அமைந்து, ராவில் பத்திரமாக இருந்த சிறகிழைகள் வெள்ளைத் திட்டாகிவிடும். கொக்கு பெரிதாக இருக்கும் அடுத்த படத்தில் வெளிச்சம் அவ்வளவு ஏறாது. வரிசையாகப் பார்க்கிறவருக்குப் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்குவது போலத் தோன்றும். தானியங்கிக் கூட்டலை அணைத்துவிட்டு, எல்லாப் படங்களுக்கும் ஒரே மதிப்பைத் தருவதே முறை.

மூன்றாவது வழி, எடுத்தவரே தம் கணினியில் லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருளில் கழுவி, ஜேபெக்கையும் ராவையும் சேர்த்து அனுப்புவது. நிறம் முக்கியமான எந்த வேலைக்கும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். காரணம் எளிது: படத்தின் நிறத்தைத் தீர்மானிப்பவர் அதை எடுத்தவராக இருக்க வேண்டும், சர்வரில் ஓடும் நிரலாக இருக்கக் கூடாது. நூற்றுக்கணக்கில் வந்து குவியும் திருவிழாப் படங்களுக்கு முதல் வழி போதும். எடுத்தவர் கைவிட்டுப்போன பழைய ராக்களுக்கும், முன்னோட்டம் மிகச் சிறிதாக இருக்கும் கோப்புகளுக்கும் இரண்டாவது வழி.

ஆடைப் படங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

திருப்பூரில் ஆடைப் படம் எடுக்கிறவர்களுக்கு நிறம்தான் பிழைப்பு. வெளிநாட்டு பையர் கேட்ட மெரூனும் கேலரியில் தெரியும் மெரூனும் வேறாக இருந்தால், பேச்சுவார்த்தை அங்கேயே சிக்கலாகிவிடும். துணி நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை விளக்குக்கான டிஎல்84 என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது இங்கே ஒவ்வொரு மெர்ச்சண்டைசரும் அறிந்ததே. ஒளி மாறினால் நிறம் மாறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கவனம் படத்துக்கும் வேண்டும். ஒவ்வொரு ஒளியமைப்பிலும் முதல் படத்தில் ஆடையின் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து எடுத்துவிட்டால், ராவைக் கழுவும்போது அந்த அட்டையைச் சுட்டி ஒயிட் பேலன்ஸை நிலைநிறுத்தி, அதே மதிப்பை மற்ற படங்களுக்கும் ஏற்றிவிடலாம். ராவின் அருமை இங்கேதான் தெரியும்: எடுத்து முடித்த பிறகும் ஒயிட் பேலன்ஸைத் தரக்குறைவின்றி மாற்ற முடியும்.

அடுத்தது நிறவெளி, அதாவது படம் எந்தெந்த நிறங்களைக் குறிக்க முடியும் என்னும் எல்லை. இணையத்துக்குப் போகும் ஜேபெக், இணையத்தின் பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபியில்தான் இருக்க வேண்டும். கேமராவில் அடோபி ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், உள்ளிருக்கும் முன்னோட்டமும் அந்த நிறவெளியிலேயே இருக்கும். அதன் நிறவெளிக் குறிப்பு தொலைந்துபோனால் உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு, ரத்தச் சிவப்புப் பனியனைச் சோகை பிடித்த சிவப்பாகக் காட்டும். இதைக் கோப்பின் பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நிக்கானில் வழக்கமாக டிஎஸ்சி என்று தொடங்கி அதன் பின் அடிக்கோடு வரும். அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் அந்த அடிக்கோடு பெயரின் முன்னால் போய் நிற்கும். கேனானிலும் அப்படியே, ஐஎம்ஜி என்பதன் முதலெழுத்து போய் அந்த இடத்தில் அடிக்கோடு வரும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களைக் கண்டால், நிறவெளியை மாற்றிய பிறகே கேலரிக்கு விட வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசென்ட் நிறங்களைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. எஸ்ஆர்ஜிபி அவற்றை முழுமையாக ஏந்தாது, எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் திரையில் கொஞ்சம் குறைந்தே தெரியும்.

சர்வரில் நடக்கும் சிக்கல்கள்

ராவை ஏற்றியதும் எதுவுமே நடக்காததுபோல் பக்கம் வெறுமையாக நின்றால், முதலில் அளவு வரம்புகளைப் பாருங்கள். 2.4 கோடிப் புள்ளிகள் கொண்ட கேமராவின் ரா கோப்பு 20 முதல் 40 மெகாபைட் வரை இருக்கும். பல கேலரி மென்பொருள்கள் ஓடும் பிஎச்பி மொழியின் இயல்பான வரம்போ ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், ஒரு படிவத்துக்கு 8 மெகாபைட். முன்னால் எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் மென்பொருள் இருந்தால் அதன் இயல்பான வரம்பு 1 மெகாபைட். இந்த மூன்றையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். ஒன்றை விட்டாலும் கோப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

வரம்புகளைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நினைவகம் மடக்கும். 6000க்கு 4000 புள்ளிப் படத்தை பிஎச்பியின் பட நூலகமான ஜிடி திறந்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 96 மெகாபைட் வேண்டும். 16 பிட்டில் மூன்று நிறங்களோடு கழுவினால் 144 மெகாபைட். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 மெகாபைட்தான். கழுவும் வேலையைப் பக்கம் திறக்கும் நேரத்தில் செய்யாமல், பின்னணியில் ஒவ்வொன்றாக ஓடும் தனி வரிசையில் வைப்பதே இதற்குத் தீர்வு. ஏற்றியவுடன் உள்ளிருக்கும் முன்னோட்டத்தை உருவிச் சிறுபடமாகக் காட்டிவிடலாம். முழுமையாகக் கழுவிய படத்தை இரவில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஆக்கி, பழையதன் இடத்தில் வைக்கலாம். பார்க்கிறவருக்குக் காத்திருப்பு இல்லை, சர்வருக்கும் மூச்சு முட்டாது.

பலரைக் குழப்பும் ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிக்கான் என்இஎஃப் கோப்பை ஏற்றினால், தபால்தலை அளவில், துல்லியமாகச் சொன்னால் 160க்கு 120 புள்ளியில், ஒரு மங்கல் படம் மட்டும் வரும்; அதைத்தான் மூலப்படம் என்று கேலரி நம்பிக்கொண்டிருக்கும். கோப்பு பழுதாகவில்லை, பதிவேற்றமும் தடைபடவில்லை. என்இஎஃப் டிஃப் கட்டுமானத்தில் அமைந்தது என்றும், அதன் முதல் அடுக்கில் இருப்பது அந்தச் சிறுபடம்தான் என்றும் தெரிந்தால் காரணம் விளங்கும். இமேஜ்மேஜிக் போன்ற படம் மாற்றும் கருவி, கோப்புப் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் பின்னொட்டைப் பார்த்தே இது ரா என்று முடிவு செய்து லிப்ராவிடம் ஒப்படைக்கிறது. பிஎச்பி பதிவேற்றத்தைத் தற்காலிகக் கோப்பில் வைக்கும்போது பின்னொட்டு இல்லாத பெயரையே இடுகிறது. பின்னொட்டு போனதும் கோப்பின் தொடக்க எழுத்துகளைப் பார்க்கும் கருவி இதைச் சாதாரண டிஃப் என்று எண்ணி, முதல் அடுக்கைத் திறந்து அந்தத் தபால்தலையைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே மாற்றும் கட்டளையை ஓட்டும் முன்பு கோப்பை அதன் உண்மையான பின்னொட்டோடு நிரந்தர இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். கூடவே, கிடைத்த ஜேபெக்கின் நீளப் பக்கம் 1000 புள்ளிக்குக் குறைந்தால் அதை ஏற்காமல் எச்சரிக்கும் சோதனை ஒன்றையும் நிரலில் சேருங்கள்.

பின்னொட்டைப் பற்றிய இன்னொரு செய்தி: கேமரா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதும்; லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. உள்ளே வரும்போதே சிறிய எழுத்தாக்கிவிட்டால் தொல்லை இல்லை.

ஜேபெக்கைப் பார்வைக்கு ஆக்கும்போது வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் திசைக்குறிப்பின்படி படத்தைத் திருப்புங்கள். பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அதன் பிறகு அளவைச் சுருக்கி லேசாகக் கூர்மையேற்றுங்கள். கடைசியில்தான் வேண்டாத விவரங்களை நீக்க வேண்டும். நீக்கும் கட்டளையை முதலில் ஓட்டினால் திசைக்குறிப்பும் நிறவெளிக் குறிப்பும் சேர்ந்தே போய்விடும். படம் படுத்தும் கிடக்கும், வெளிறியும் இருக்கும். நீளப் பக்கம் 2048 புள்ளி, தரம் 80 முதல் 85 என்பது பெரும்பாலான கேலரிகளுக்குப் போதுமானது.

ராவும் ஜேபெக்கும் பிரியாமல் இருக்க

கேமரா 9999 வரை எண்ணி மீண்டும் 0001இலிருந்து தொடங்கும். இரண்டு மூன்று கேமராக்கள் புழங்கும் கல்யாண வேலையில் ஒரே பெயரில் இரண்டு வேறு படங்கள் வருவது வெகு சாதாரணம். பெயரை மட்டும் நம்பி ராவையும் ஜேபெக்கையும் இணைக்கும் கேலரி, மாப்பிள்ளை வீட்டுச் சீர் ஜேபெக்குக்குப் பின்னால் பெண் வீட்டுச் சீரின் ராவைக் கொண்டுவந்து கட்டிவிடும். எனவே மெமரி கார்டிலிருந்து இறக்கும்போதே பெயரை மாற்றுங்கள்: எடுத்த ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, அதன் பின் கேமராவுக்கு நாம் தருகிற ஓர் எழுத்து, கடைசியில் பழைய எண். முகூர்த்தத்துக்கு முன் எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒன்றாகத் திருத்தி வைத்துவிட்டால், அருமைக்காரர் சீர் நடத்தும் வரிசையிலேயே கேலரியும் அடுக்கித் தரும்.

கேலரி மென்பொருள்கள் இந்த இணைப்பை வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. பிவிகோவில் பல வடிவங்களை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, எந்தெந்தப் பின்னொட்டுகள் என்றும் குறிப்பிட்டுவிட்டால், ஜேபெக் படமாகவும் ரா அதே படத்தின் மற்றொரு வடிவமாகவும் நின்று, பதிவிறக்கப் பொத்தானில் இரண்டும் தெரியும். ராவை ஜேபெக்கின் பக்கத்தில் வைக்காமல், அதற்கென்று உள்ள துணைக் கோப்புறையில் அதே பெயரில் வைக்க வேண்டும். ஃபோட்டோபிரிசம் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இருக்கும் ராவையும் ஜேபெக்கையும் ஓர் அடுக்காகச் சேர்த்துக்கொள்ளும். ஜேபெக் இல்லாவிட்டால் டார்க்டேபிளையோ ராதெரபியையோ கொண்டு தானே ஆக்கி, மூலக்கோப்புறையைத் தொடாமல் வேறிடத்தில் வைத்துக்கொள்ள அதற்கு ஏற்பாடு செய்யலாம். இம்மிச்சிலும் உள்ளிருக்கும் முன்னோட்டத்துக்கு முன்னுரிமை தரும் தேர்வு இருக்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் மூலக்கோப்புறைக்கு மென்பொருளுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். எழுதும் அனுமதி இல்லாவிட்டால், தவறான கட்டளையாலும் ராவுக்குக் கேடு வராது.

குறிச்சொல், தலைப்பு, திருத்தங்கள் எல்லாவற்றையும் எக்ஸ்எம்பி என்னும் துணைக்கோப்பில் வைத்திருங்கள். லைட்ரூம் ராவின் பின்னொட்டை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று போடும். டார்க்டேபிள் ராவின் முழுப் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எம்பியைச் சேர்க்கும். இருவர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் தேடிக்கொண்டிருப்பார். ராவை நகர்த்தினால் துணைக்கோப்பையும் சேர்த்து நகர்த்துங்கள்.

யாருக்குக் கொடுப்பது, எதை மறைப்பது

ரா கோப்புகளைப் பொதுவெளியில் உள்ள வலைக்கோப்புறையில் வைக்க வேண்டாம். வைத்தால் முகவரியை ஊகிக்கிற எவரும் எடுத்துக்கொள்வார். தேடுபொறிகளின் சிலந்திகளும் ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்து சர்வரின் மாதத் தரவு வரம்பைத் தின்றுவிடும். வலைக்கோப்புறைக்கு வெளியே வைத்து, உள்நுழைந்தவரின் உரிமையைச் சரிபார்த்த பிறகே கோப்பை விடுவிக்கும்படி அமைப்பது பாதுகாப்பு. அப்படி விடுவிக்கும்போது, பாதியில் அறுந்த பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தாராபுரத்துக்கும் அந்தியூருக்கும் அப்பால் கைபேசி இணைப்பில் 30 மெகாபைட்டை இறக்குகிறவருக்கு அது பெரிய உதவி.

மறைக்க வேண்டியவற்றில் முதலாவது இடக்குறிப்பு. ஜிபிஎஸ் உள்ள கேமராவிலோ கைபேசியிலோ எடுத்த படத்தில் எடுத்த இடம் சில மீட்டர் துல்லியத்தில் பதிந்திருக்கும். வால்பாறைப் பக்கம் இருவாச்சி கூடு வைத்திருக்கும் மரத்தைப் படமெடுத்து, இடக்குறிப்போடு ஏற்றுவது அந்தக் கூட்டுக்கு வழி சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். பெண் பறவை மரப்பொந்தில் அடைபட்டு, ஆண் கொண்டுவரும் இரையை நம்பியே இருக்கும் காலம் அது. ஆள் நடமாட்டத்தால் ஆண் வராமல் போனால் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்க நேரும். ஜேபெக்கில் இடக்குறிப்பை நீக்கிவிட்டு ராவைப் பதிவிறக்கத்துக்குத் திறந்து வைப்பதால் பயனில்லை, ராவில் அது அப்படியே இருக்கும். பறவைக் கூடு, அரிய விலங்கு ஆகியவற்றின் ராவைப் பொதுவில் தரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் போல எல்லோரும் அறிந்த இடங்களுக்கு இந்தத் தடை அவ்வளவு தேவையில்லை. ஆனால் அங்கும் கூடு கூடுதான்.

கேமராவின் வரிசை எண்ணும், பதிவு செய்திருந்தால் உரிமையாளர் பெயரும் ராவுக்குள் இருக்கும். கல்யாண வீட்டாருக்கு ராவைத் தருவதா என்பது தொழில் சார்ந்த முடிவு. தருவதானாலும் தராவிட்டாலும் வேலையை ஒப்புக்கொள்ளும் அன்றே எழுத்தில் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அறிமுகமற்றவர்கள் ராவை ஏற்ற அனுமதிக்கும் கேலரி என்றால், கழுவும் நிரலைத் தனிப் பயனர் கணக்கில், குறைந்த உரிமைகளோடு, நேர வரம்பும் நினைவக வரம்பும் விதித்து ஓட்டுங்கள். வேண்டுமென்றே திரிக்கப்பட்ட கோப்பைக் கொண்டு படம் படிக்கும் நூலகங்களை முறியடிப்பது புதிதல்ல. இமேஜ்மேஜிக்கின் கொள்கைக் கோப்பில் தேவையான வகைகளை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றவற்றை அடைத்துவிடலாம்.

சேமிப்பும் சரிபார்ப்பும்

ஒரு கல்யாணத்துக்கு 3,000 படங்கள், படம் ஒன்றுக்கு 25 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 75 ஜிகாபைட். விநாடிக்கு 40 மெகாபிட் ஏற்றும் இணைப்பிலும் அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; நடுவில் ஒருமுறை கரண்டு போனால் முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டி வரலாம். ஆகவே எல்லா ராவையும் சர்வருக்கு ஏற்ற வேண்டும் என்பதில்லை. தேர்ந்தெடுத்த படங்களின் ராவை மட்டும் கேலரியோடு இணைத்து, மிச்சத்தை ஸ்டூடியோவின் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்வதே நம் ஊர் நிலைமைக்கு ஏற்றது. ஏற்றுவதைத் துண்டு துண்டாக அனுப்பி, அறுந்த இடத்திலிருந்து தொடரும் கருவியால் செய்யுங்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்னும் பழைய விதி இங்கும் பொருந்தும். கேலரி சர்வரில் இருப்பதை அந்த மூன்றில் ஒன்றாக எண்ண வேண்டாம். ஹோஸ்டிங் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும்.

கார்டிலிருந்து இறக்கிய உடனே ஒவ்வொரு ராவுக்கும் எஸ்எச்ஏ-256 கையொப்பம் ஒன்றைக் கணக்கிட்டு ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள். அந்தக் கையொப்பம் ஒத்துப்போகிற வரையில் கோப்பு மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சர்வருக்கு ஏற்றிய பிறகு அங்கும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்; கார்டை அழிப்பது அந்த ஒப்பீடு முடிந்த பிறகே. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிப் பதினெட்டு முடிந்து முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முந்தைய ஓய்வான நாட்களில், பட்டியல் முழுவதையும் மறுபடி ஒப்பிடுவதோடு, ஒவ்வொரு கேமராவிலிருந்தும் பழைய ரா ஒன்றை எடுத்து இப்போதைய லிப்ராவில் திறந்து பார்த்துவிடுங்கள். புதிய கேமரா வாங்கப் போகிறவர் இருந்தால், அந்த மாடலின் ராவை நம் சர்வரில் உள்ள பதிப்பு படிக்கிறதா என்று மாதிரிக் கோப்பைக் கொண்டு அதே நாளில் சோதித்துவிடலாம். படிக்காவிட்டால் நூலகத்தைப் புதுப்பிக்கும் வரை அவரை ராவோடு ஜேபெக்கையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.